ஒரு செக்கன் பிந்திய பாட்டு

எழுபதுகளில் கல்முனைப் பிரதான வீதியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்த ஒருவர் ஒரு முழுப் பாட்டையும் விடாமல் கேட்டுவிடலாம். தையல் கடையில் பல்லவி தொடங்கும். தேத்தண்ணிக் கடையைத் தாண்டும்போது முதல் சரணம். சலூன் வாசலில் இடையிசை. புடைவைக் கடைப் பக்கம் வரும்போது மறுபடி பல்லவி. ஒரு சொல்கூட அறுந்துபோகாது, ஒரு தாளம்கூட இடறாது. எல்லாக் கடையிலும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைதான். தெருவே ஒரு பெரிய வானொலிப் பெட்டி மாதிரி பாடிக்கொண்டிருந்தது. அது ஒரு அதிசயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கைநழுவிப் போன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

அந்த அதிசயம் இலங்கைக்கு வந்து சேர்ந்ததே ஒரு விசித்திரம். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானலைக் கருவிப் பாகங்கள் கொழும்பில் கிடந்தன. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் அவற்றைக் கொண்டு ஒரு பரப்பியைக் கட்டினார். ஒரு கிராமபோன் தட்டைச் சுழலவிட்டு அதன் பாட்டை ஆகாயத்தில் ஏற்றினார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. கப்பல்களைக் கவிழ்க்கக் கட்டளை வாங்கிய கருவி பாட்டுப் பாடத் தொடங்கியிருந்தது. அதற்குள் இன்னொரு வித்தையும் ஒளிந்திருந்தது.

கொழும்பிலிருந்து கல்முனை நேர்கோட்டில் 220 கிலோமீற்றர் சொச்சம். வானலைக்கு அது ஒரு மில்லிசெக்கன் பயணம்கூட இல்லை. வந்த அலையை வானொலிப் பெட்டி சேமித்து வைக்காது, எண்ணிப் பார்க்காது. வந்த கணமே ஒலியாகக் கக்கிவிடும். அதற்குள் கடிகாரம் என்று ஒன்று கிடையாது. அதனால்தான் ஆயிரம் பெட்டிகள் ஒரே மூச்சில் பாடின. கடிகாரம் இல்லாததே அதன் பலம் என்பதை, கடிகாரம் வைத்த பெட்டி ஊருக்குள் வந்த அன்றுதான் புரிந்துகொள்ள முடிந்தது.

அந்தப் பெட்டி வந்தது பாலைவனத்திலிருந்து. எண்பதுகளில் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போனவர்கள் விடுமுறைக்குத் திரும்பியபோது, தோளில் ஒரு ‘டூ இன் வன்’ இல்லாமல் வரவில்லை. வானொலியும் கசற்றும் ஒரே பெட்டியில். இனிக் கொழும்பு எப்போது போடும் என்று காத்திருக்க வேண்டாம், பிடித்த பாட்டை நினைத்த நேரம் போட்டுக் கேட்கலாம். கிழக்குக் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். ஒரே வளவில் ராத்தா வீடு, அடுத்தாற்போல் தங்கச்சி வீடு. இரண்டு வீட்டிலும் மாப்பிள்ளைமார் கொண்டுவந்த ‘டூ இன் வன்’. கல்யாண நாளில் இரண்டிலும் ஒரே கசற்றைப் போட்டு, ‘ஒண்டு, ரெண்டு, மூணு’ சொல்லி ஒரே நேரத்தில் பொத்தானை அமர்த்தினார்கள் பொடியன்மார். முதல் பாட்டின் நடுவிலேயே கோளாறு தொடங்கியது.

ராத்தா வீட்டில் பாடகர் சரணத்துக்கு வந்துவிட்டார், தங்கச்சி வீட்டில் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு மோட்டர், ஒவ்வொரு மோட்டருக்கும் தனி வேகம். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் வளவின் நடுவில் நின்றவருக்கு இரண்டு கல்யாண வீடு சண்டை பிடிப்பதுபோல் கேட்டது. கடைசியில் யாரோ ஒருவர் ஒரு பெட்டியை நிறுத்தினார். பாட்டைத் தெரிவுசெய்யும் சுதந்திரம் கிடைத்த அன்றே, பாட்டு ஒன்றாக ஒலிக்கும் வரம் போய்விட்டது. இந்தச் சண்டைக்கு ஒரு கணக்கு ஏற்கனவே ஜேர்மனியில் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

1949இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் என்ற ஆய்வாளர் ஒரே குரலை இரண்டு ஒலிபெருக்கிகளில் விட்டு, ஒன்றை மட்டும் சிறிது சிறிதாகப் பிந்தவைத்துப் பார்த்தார். பிந்துதல் சுமார் 30 மில்லிசெக்கனுக்குள் இருக்கும்வரை காது இரண்டையும் ஒரே குரலாகக் கோத்துக்கொண்டது. அதைத் தாண்டத் தாண்ட அது எதிரொலியாகப் பிரிந்து துருத்தியது. கல்முனைக் கரையில் வளர்ந்தவருக்கு இதைக் கோட்டிங்கனிலிருந்து யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. மஃரிப் நேரம் கடற்கரைப் பள்ளியின் பாங்கு முதலில் வரும். ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பள்ளிவாசலில் அதே கணத்தில் தொடங்கினாலும், ஒலி காற்றில் நடந்து வர மூன்று செக்கன் எடுக்கும். சாய்ந்தமருதுப் பக்கமிருந்து வருவது அதற்கும் பிந்தி. திறந்த வெளியில் அது அழகு. நாலு சுவருக்குள் ஒரு பாட்டுக்கு நேர்ந்தால் தலையிடி. அந்தத் தலையிடி கணினி வடிவத்தில் வீட்டுக்குள் நுழையக் காத்திருந்தது.

தொண்ணூறுகளில் பாட்டு எண்களாக மாறியது. இறுவட்டில் ஒரு செக்கனுக்கு, ஒவ்வொரு காதுக்கும், 44,100 எண்கள். பிறகு எம்பி3 வந்தது, ஆயிரக்கணக்கான பாட்டுகள் ஒரு கணினிக்குள் அடங்கின. ஹோலில் ஒரு பெட்டி, குசினியில் ஒரு பெட்டி, இரண்டும் அதே பாட்டை அதே கணினியிடமிருந்து வாங்கிப் பாடினால் போதாதா என்று பலரும் நினைத்தார்கள். போதவில்லை. மோட்டரின் இடத்தில் இப்போது ஒரு குவார்ட்ஸ் படிகம் இருந்தது. சாதாரணப் படிகம் பத்து இலட்சத்துக்கு 50 பங்கு முந்தியோ பிந்தியோ துடிக்கும். சொல்லும்போது அற்பம்தான். ஆனால் ஒரு மணித்தியாலத்தில் அது 180 மில்லிசெக்கனாகச் சேர்ந்துவிடும், காதின் பொறுமையைப்போல் ஆறு மடங்கு. கசற் கால வியாதி அப்படியே புது உடம்பில் குடியேறிவிட்டது. மருந்தைத் தேடி யாரும் வெகுதூரம் போகத் தேவையிருக்கவில்லை. இசைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத ஒருவர் அதை முன்பே அரைத்து வைத்திருந்தார்.

அவர் டேவிட் மில்ஸ், அமெரிக்கர். கண் அழுத்த நோயோடு பிறந்தவர். சின்ன வயதில் நடந்த சத்திரசிகிச்சை ஒரு கண்ணில் கொஞ்சம் பார்வையை மிச்சம் வைத்தது. அந்தப் பார்வையோடு, உலகத்துக் கணினிகளின் கடிகாரங்களையெல்லாம் ஒரே நேரத்துக்குக் கொண்டுவரும் வேலையை அவர் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். ‘நேரம் என்ன’ என்று ஒரு கணினி இன்னொன்றைக் கேட்டால், பதில் வந்து சேர்வதற்குள் அந்த நேரம் பழசாகிவிடுமே, அதுதான் சிக்கல். மில்ஸின் தீர்வு ஒரு பொடியனைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி மணி கேட்டுவரச் சொல்வதுபோன்றது. வீட்டுக் கடிகாரத்தில் நாலு மணிக்குப் போனவன் நாலு பத்துக்குத் திரும்பி, ‘பள்ளிக் கடிகாரத்தில் நாலு ஏழு’ என்கிறான். போகவும் வரவும் ஒரே நேரம் எடுத்தது என்றால், அவன் மணி பார்த்தது வீட்டுக் கணக்கில் நாலு ஐந்துக்கு. ஆக, வீட்டுக் கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தி ஓடுகிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் பிழை தேய்ந்துகொண்டே வரும். 1985இல் மில்ஸ் இந்த முறையை எழுதி வெளியிட்டார். கடிகாரங்களை ஒன்றுசேர்க்கும் வழி கிடைத்துவிட்டது. கம்பி இல்லாமல் பாட்டை அறைக்கு அறை கொண்டுபோகும் வழிதான் மிச்சம். அதே 1985இல், யாருக்கும் வேண்டாத ஒரு குப்பைத்தொட்டியின் மூடியைத் திறந்தார்கள்.

2.4 கிகாஹேர்ட்ஸ் வானலை, மைக்ரோவேவ் அடுப்புகள் இரைந்து நாசமாக்கும் வரிசை. அந்த இரைச்சலில் எந்தக் கம்பனியும் தொடர்பாடல் நடத்த விரும்பவில்லை. 1985 மேயில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணையம், அதன் பொறியியலாளர் மைக்கல் மார்க்கஸின் விடாப்பிடியால், அந்தக் குப்பை வரிசையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. இலவசம்தான். ஆனால் வீட்டுக்குள் வானலை சுவரில் பட்டு, அலுமாரியில் பட்டு, நிலத்தில் பட்டு, பல வழியால் பல நேரத்தில் வந்து சேர்ந்தது. பாங்கு ஒன்றன்பின் ஒன்றாக வருகிற அதே கதை, இப்போது வானலைக்குள். அதை அவிழ்க்கும் கணக்கு, வானத்தில் தோற்றுப்போன ஒருவரின் மேசையில் இருந்தது.

அவுஸ்திரேலியரான ஜோன் ஓசலிவன் எழுபதுகளில் நெதர்லாந்தில் ஒரு வேட்டையில் இறங்கினார். சின்னக் கருந்துளைகள் வெடித்துச் சிதறும் என்று ஸ்டீவன் ஹோக்கிங் சொல்லியிருந்தார். அந்த வெடிப்பின் வானலைத் துடிப்பு வழியில் சிதறிக் கலங்கித்தான் பூமிக்கு வரும், கலங்கியதைத் தெளியவைக்க வேண்டும் என்று ஓசலிவன் கணக்குப் போட்டுத் தேடினார். ஒரு கருந்துளையும் வெடிக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பியவர் பின்னாளில் அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் சகாக்களோடு அறைக்குள் சிதறும் வானலையைச் சமாளிக்க உட்கார்ந்தபோது, அந்தப் பழைய கணிதப் பழக்கம் கைகொடுத்தது. 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வைஃபை வேகமெடுக்க அந்த வழியும் துணைநின்றது. கடிகாரம் ஆயிற்று, காற்றுவழியும் ஆயிற்று. இரண்டையும் பாட்டோடு முடிச்சுப்போடப் போட்டி தொடங்கியது, அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு முனையிலிருந்து.

ஒரு முனையில் ஷோன் அடம்ஸ் என்ற இளம் பொறியியலாளர். ‘ஸ்லிம் டிவைசஸ்’ என்ற பெயரில் 2001இல் அவர் விற்றது ஒரு மெலிந்த பெட்டி, பெயர் ஸ்லிம்பி3. சேமிப்புத் தட்டு இல்லை, சொந்தப் புத்தி இல்லை. கணினியில் ஓடும் ஒரு மென்பொருள்தான் அதை ஆட்டுவித்தது. அந்த மென்பொருளின் மூலநிரலை அடம்ஸ் திறந்தே விட்டார், யாரும் எடுத்துத் திருத்தலாம். வியாபாரக் கண்ணுக்கு அது பைத்தியக்காரத்தனம். கடையைத் திறந்துவைத்துச் சாவியையும் தெருவில் போட்டதுபோல. அந்தச் சாவி பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு சவப்பெட்டியைத் திறக்கப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

மறுமுனையில் பணக்காரர்கள். ஜோன் மக்ஃபார்லேன் உட்பட நான்கு பேர், மின்னஞ்சல் மென்பொருள் கம்பனியொன்றில் சம்பாதித்துவிட்டு அடுத்தது என்ன என்று கூடினார்கள். மக்ஃபார்லேனின் முதல் யோசனை விமானத்துக்குள் கணினி வலையமைப்பு. மற்ற மூவரும் தலையாட்டவில்லை. அந்த மறுப்பு இல்லாவிட்டால் இந்தக் கதையே வேறு. 2002இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் அவர்கள் தொடங்கிய கம்பனிக்கு, இந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் அந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒரே பெயர் வருமாறு ஆங்கிலத்தில் எழுதி, சோனோஸ் என்று வைத்தார்கள். அவர்களின் பொறியியலாளர் நிக் மில்லிங்டன் கடிகாரச் சண்டையை நேருக்கு நேர் பிடித்தார். ஒரு பெட்டி தலைமை. அது பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் நெற்றியிலும் ‘இன்ன நேரத்தில் ஒலி’ என்று எழுதி அனுப்பும். மற்றப் பெட்டிகள் மில்ஸின் பொடியனை விட்டுத் தலைமையின் மணியைக் கேட்டுக் கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும். தனித்தனிக் கடிகாரமுள்ள கருவிகளை ஒத்திசைப்பது என்ற பொருளிலேயே அந்தக் காப்புரிமையின் தலைப்பு இருந்தது. 2005 ஜனவரியில் முதல் பெட்டிகள் கடைக்கு வந்தன. ஹோலிலும் குசினியிலும் ஒரே பாட்டு, இடறாமல். விலைதான் இடறியது.

இரண்டு பெட்டியும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் 1,199 டொலர், அன்றைய இலங்கைக் காசில் ஒரு இலட்சத்துக்கு மேல். அந்த ஜனவரியில் கல்முனைக் கரையில் எந்த வீட்டிலும் பாட்டைப் பற்றிய பேச்சு இருக்கவில்லை. எத்தனை வீடு மிஞ்சியது என்பதே பேச்சாக இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று வரிசையாக ஏறி இறங்கியிருந்தது. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பள்ளிக்கூடங்கள் முகாமாக மாறியிருந்தன. உலகத்தின் மறுபக்கத்தில் பிறந்த அந்தப் பெட்டி இந்தக் கரைக்கு வர வேண்டுமானால் முதலில் அதன் விலை செத்து விழ வேண்டும். அதற்கான முதல் அடி ஒரு வீடு மாறலில் விழுந்தது.

ஆப்பிள் கம்பனியும் 2004 ஜூனில் 129 டொலருக்கு ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை விட்டிருந்தது, சுவர் மின்சாரச் செருகியில் சொருகி ஒலிபெருக்கியை இணைத்தால் கணினியின் பாட்டு காற்றில் வரும். ஆனால் பாட்டைப் பூட்டி அனுப்பியது. ஆப்பிள் பெட்டியைத் தவிர வேறெதிலும் அது திறக்காது. 2011இல் ஜேம்ஸ் லெயர்ட் என்ற நிரலாளரின் காதலி வீடு மாறினார். புது வீட்டின் வைஃபையோடு அவரது வெள்ளைப் பெட்டி ஒத்துப்போகவில்லை. அதற்கு மாற்றாக ஒரு மென்பொருள் இருக்கும் என்று லெயர்ட் தேடினார், இல்லை. பெட்டியைக் கழற்றினார், உள்ளே இருந்த நினைவகத்தை உறிஞ்சி எடுத்தார், அதற்குள் ஒளித்துவைத்திருந்த இரகசியச் சாவியைக் கண்டுபிடித்து ஏப்ரலில் ஊருக்கே கொடுத்துவிட்டார். விற்றுப்போன பெட்டிகளிலெல்லாம் அதே சாவி. பூட்டை மாற்றினால் அவையெல்லாம் ஊமையாகிவிடும். இனி எந்தக் கணினியும் ஆப்பிளின் ஒலிபெருக்கியாக வேடம் போடலாம். ஆனால் ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் அளவுக்குச் சின்னக் கணினி, சல்லிசான கணினி, எங்கே இருந்தது?

அது 2012 பெப்ரவரி 29ஆம் திகதி பிறந்தது, நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் நாளில். கேம்பிரிட்ஜில் கணினி படிக்க வரும் பிள்ளைகளின் தொகை குறைகிறதே என்ற கவலையில் எபென் அப்டனும் நண்பர்களும் செய்த ராஸ்பெரி பை, அடையாள அட்டை அளவு, 35 டொலர். பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று செய்தார்கள். விற்பனை திறந்த காலையில் விற்றவர்களின் தளங்கள் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டன. வாங்கியவர்களில் பலர் பிள்ளைகள் அல்ல, கையரிப்புள்ள வாப்பாமார். அவர்களில் சிலருக்கு அதே வருடம் ஒரு மரணச் செய்தி வந்தது.

அடம்ஸின் கம்பனியை 2006இல் 2 கோடி டொலருக்கு லொஜிடெக் வாங்கியிருந்தது. ஸ்குவீஸ்பொக்ஸ் என்ற பெயரில் அதன் பெட்டிகள் வீடுகளில் அறை அறையாகப் பாடின. 2012 ஓகஸ்ட்டில் லொஜிடெக் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. வழக்கமாக அங்கே கதை முடியும். கம்பனி கைவிட்டால் பெட்டி குப்பைக்குப் போகும். ஆனால் தெருவில் போட்ட சாவி இருந்ததே! சேவையக மென்பொருள் திறந்த நிரல். ஏட்ரியன் ஸ்மித் என்பவர் ஸ்குவீஸ்லைட் என்ற சின்ன மென்பொருளை எழுதினார், அதை ஏற்றினால் ராஸ்பெரி பை ஒரு ஸ்குவீஸ்பொக்ஸாகிவிடும். செத்த பெட்டிக்கு 35 டொலரில் மறுபிறவி. அந்தச் சேவையகம் லிரியன் என்று பெயர் மாறி இன்றும் வாழ்கிறது. இப்படி உடம்பு மலிந்துகொண்டிருந்தபோது, 2013இல், பாட்டைப் பற்றி நினைக்கவே நினைக்காத ஒருவர் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெதர்லாந்தைச் சேர்ந்த பவுலுஸ் ஸ்கௌட்சன் வாங்கி வைத்திருந்தது, கணினியால் ஏற்றி அணைக்கக்கூடிய பிலிப்ஸ் மின்குமிழ். அவருக்கு ஒரே ஒரு ஆசை, பொழுது படும்போது விளக்கு தானாக எரிய வேண்டும். பொழுது படும் நேரமோ நாளுக்கு நாள், ஊருக்கு ஊர் மாறும். வீடு இருக்கும் அகலாங்கு நெட்டாங்கைக் கொடுத்தால் அன்றைய சூரிய மறைவைக் கணக்கிட்டு விளக்கை ஏற்றும் ஒரு நிரலை பைதனில் எழுதினார். பிறகு ‘வீட்டில் ஆள் இருந்தால் மட்டும்’ என்று சேர்த்தார். பிறகு இன்னொன்று. வருட முடிவுக்குள் நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார், பெயர் ஹோம் அசிஸ்டன்ட். உலகமெங்குமிருந்து ஆட்கள் தங்கள் வீட்டுச் சாமானை அதனோடு பேசவைக்கத் தொடங்கினார்கள், கதவு, காற்றாடி, தண்ணீர் மோட்டர் என்று. பாட்டுப் பெட்டி மட்டும் இன்னும் தனி உலகத்தில் இருந்தது. அதன் விலை இன்னும் ஒரு படி இறங்கவேண்டியிருந்தது, அந்தப் படி சீனமொழியில் எழுதப்பட்டிருந்தது.

சிங்கப்பூர்க்காரரான டியோ ஸ்வீ ஆன் ஷங்ஹாயில் நடத்திய எஸ்பிரெசிஃப் கம்பனி 2014இல் ஒரு வைஃபை சில்லை விட்டது. ஐந்து டொலருக்குள் முடிந்துவிடும் விலை. ‘இதென்ன பொய்’ என்று வாங்கிப் பார்த்தவர்களுக்கு இரண்டு அதிர்ச்சி. ஒன்று, வேலை செய்தது. மற்றது, கையேடு முழுக்கச் சீனமொழி. ஆர்வலர்கள் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்தார்கள். மொழிபெயர்க்க மொழிபெயர்க்க ஒரு உண்மை துலங்கியது, அது வெறும் வைஃபை ஒட்டு அல்ல, நிரல் ஏற்றக்கூடிய முழுக் கணினி. 2016இல் அதன் தம்பியான ஈஎஸ்பி32 வந்தது, பாட்டைக் கையாளும் பலத்தோடு. ஸ்குவீஸ்லைட் அதிலும் ஏறி உட்கார்ந்தது. இன்னொரு பக்கம் யொஹானஸ் போல் என்ற ஜேர்மானியர் எழுதிய ஸ்னாப்காஸ்ட், மில்லிங்டன் செய்ததுபோல் துண்டுகளுக்கு நேரம் குறித்து, 0.2 மில்லிசெக்கனுக்குள் பெட்டிகளை ஒத்துப் பாடவைத்தது, காசு வாங்காமல். இனிக் கம்பனி எதற்கு என்று ஆர்வலர்கள் நெஞ்சை நிமிர்த்தியபோது, உலகத்தின் மிகப் பெரிய கம்பனிகளில் ஒன்று அவர்களை வெட்கப்படுத்தியது.

2015 செப்டெம்பரில் கூகிள் வெளியிட்ட குரோம்காஸ்ட் ஓடியோ ஒரு தட்டையான கறுப்பு வட்டு, 35 டொலர். எந்தப் பழைய ஒலிபெருக்கியிலும் சொருகலாம். டிசம்பரில் பல அறைகளில் ஒன்றாகப் பாடும் வசதியும் வந்தது. சாலிடர் பிடிக்கத் தெரிய வேண்டாம், நிரல் தெரிய வேண்டாம். அறை அறையாகப் பாட்டு ஏழைக்கு எட்டிவிட்டது என்றே தோன்றியது. 2019 ஜனவரியில் கூகிள் உற்பத்தியை நிறுத்தியது. சரி, வாங்கியவர்களிடமாவது இருக்கிறதே என்ற ஆறுதலும் நிலைக்கவில்லை. 2025 மார்ச் 9ஆம் திகதி உலகமெங்கும் அந்த வட்டுகள் ஒரே நேரத்தில் பாடுவதை நிறுத்தின. பழுது ஒன்றுமில்லை. உள்ளே வைத்திருந்த பத்து வருடச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகியிருந்தது. கூகிள் சில நாட்களில் சரிசெய்துவிட்டது. ஆனால் வேறொருவர் கையில் உயிர்நாடியைக் கொடுத்துவிட்டுப் பாட்டுக் கேட்பது எப்படியிருக்கும் என்பது அந்த ஒரு காலையில் தெரிந்துபோயிற்று. இலங்கைக்கு அந்தப் பாடம் மூன்று வருடம் முன்பே வேறு வழியால் வந்திருந்தது.

2022இல் 200 ரூபாய்ப் பக்கமிருந்த டொலர் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. இறக்குமதி முடங்கியது. புதுச் சாமான் வாங்குவது கனவாகிப்போன அந்த மாதங்களில், பழையதைத் திருத்துகிறவரின் மேசைக்கு மறுபடி மவுசு வந்தது. அலுமாரி மேலே தூசி படிந்து கிடந்த ‘டூ இன் வன்’கள் இறங்கின. கசற் ஓடும் றப்பர் பட்டி இற்றுப்போயிருந்தது, மோட்டர் துருப்பிடித்திருந்தது. ஆனால் முகப்பு வலையைக் கழற்றினால் உள்ளே இரண்டு ஒலிபெருக்கிகள், காகிதக் கூம்பு கிழியாமல், காந்தம் பலம் குன்றாமல். குவைத்திலிருந்து வந்த அந்தக் கூம்புகளுக்கு இன்னும் தொண்டை இருந்தது. பாடச் சொல்ல ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் வந்த வழிகள் எல்லாம் கடைசியில் ஒரே வளவில் சந்தித்தன. தீப்பெட்டி அளவு ஈஎஸ்பி32 பலகை, விரல் நுனி அளவு ஒலி மாற்றிச் சில்லு, ஒலிபெருக்கிக்குப் பலம் கொடுக்கும் சின்னப் பெருக்கிப் பலகை: மூன்றையும் பழைய ‘டூ இன் வன்’ பெட்டிக்குள் வைத்து மூடினால் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. ஹோலில் ஒன்று, குசினியில் ஒன்று, விறாந்தையில் ஒன்று, வளவைத் தாண்டித் தங்கச்சி வீட்டில் ஒன்று. ஒரு மூலையில் ராஸ்பெரி பை, அதில் ஹோம் அசிஸ்டன்ட், வீட்டு ஹப் அதுதான். மார்சல் வான் டெர் வெல்ட் என்ற நெதர்லாந்துக்காரர் உருவாக்கிய மியூசிக் அசிஸ்டன்ட் அதற்குள் ஓடி, வெவ்வேறு குலத்துப் பெட்டிகளை ஒரே பட்டியலில் நிறுத்தும். ஒரே மொழி பேசுகிற பெட்டிகளைச் சேர்ந்து பாடவைக்கும். விலை கேட்டால் சோனோஸின் முதல் பெட்டி முகம் சுளிக்கும். ராத்தா வீட்டிலும் தங்கச்சி வீட்டிலும் ஒரே பாட்டு, நாற்பது வருடத்துக்குப் பிறகு, சண்டையில்லாமல்.

ஆனால் அந்த வளவில் ஹப்பின் வேலை பாட்டோடு முடியவில்லை. விளக்குக்காக ஸ்கௌட்சன் எழுதிய சூரிய மறைவுக் கணக்கும் பள்ளிவாசலின் மஃரிப் கணக்கும் ஒன்றுதான். இரண்டும் அகலாங்கு நெட்டாங்கில் நிற்பவை. ஹோம் அசிஸ்டன்ட்டின் சொந்த இணைப்புகளின் வரிசையிலேயே தொழுகை நேரம் சொல்லும் ஒன்றும் இருக்கிறது. அதன் அருமை கிழக்குக் கரைக்குத்தான் தெரியும். கல்முனைக்கும் கொழும்புக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு பாகை நெட்டாங்கு, அதாவது பொழுது படுவதில் எட்டு நிமிட வித்தியாசம். நோன்பு காலத்தில் கொழும்பு வானொலியில் மஃரிப் பாங்கு கேட்கும்போது கல்முனையில் கஞ்சிக் கோப்பை காலியாகியிருக்கும். ஒரே மூச்சில் பாடிய அந்தப் பழைய வானொலியால் தீர்க்க முடியாத ஒரே கணக்கு அந்த எட்டு நிமிடம். ஹப் அதைக் கல்முனையின் சூரியனை வைத்துப் போட்டது.

அந்த நேரம் வந்ததும் அது ஒரு பதிவு செய்த பாங்கைப் போடவில்லை. ஹோல், குசினி, விறாந்தை, தங்கச்சி வீடு, நாலு பெட்டியும் ஒரே மில்லிசெக்கனில் வாயை மூடிக்கொண்டன. நீர்மூழ்கிக் கப்பலின் கருவி, மில்ஸின் கடிகாரம், வெடிக்காத கருந்துளை, காதலியின் வெள்ளைப் பெட்டி எல்லாம் சேர்ந்து கட்டிய அந்த ஒற்றுமை, அமைதியாவதற்குப் பயன்பட்டது. யன்னல் வழியே முதலில் கடற்கரைப் பள்ளியின் பாங்கு வந்தது. மூன்று செக்கன் கழித்து அடுத்தது. சாய்ந்தமருதுப் பக்கமிருந்து, இன்னும் கொஞ்சம் பிந்தி, இன்னொன்று.